வாழை வேரில் முடிச்சு இல்லையா? பிளந்து பாருங்கள்!

குலை தள்ளிய வாழை, பெருங்காற்று இல்லாமலே வேரோடு சாய்வதுண்டு. குலையின் பாரம்தான் காரணம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். வேரைப் பார்ப்பவர்களும் முடிச்சு தென்படாவிட்டால் நூற்புழு இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். இது தவறு.

வாழையைத் தாக்கும் நூற்புழு ஒரு வகை மட்டுமல்ல. வேர்முடிச்சு நூற்புழு, குடையும் நூற்புழு, வேர் அழுகல் நூற்புழு, சுருள் நூற்புழு ஆகியவை ஒரே மரத்தின் வேர்களிலும் சேர்ந்திருக்கும். வெறும் கண்ணுக்கு இவை புலப்படா.

முடிச்சுப் புழு வேருக்குள் ஓரிடத்தில் தங்கி, அங்குள்ள செல்களைப் பருக்கவைத்து உணவு உறிஞ்சும். வேர் உயிரோடு இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. குடையும் புழுவோ ஓரிடத்தில் நில்லாமல், வேரின் சதையைத் தின்றபடி நகரும். சென்ற வழி அழுகும். கிழங்கிலும் புகும். இரண்டும் ஒரே வேரில் சேர்ந்தால், அழுகும் வேரில் முடிச்சுப் புழு பெருக வழியில்லை. ஆகவே முன்பிருந்த முடிச்சுகள் மறைந்தால் நோய் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அதைவிடக் கொடியது புகுந்திருக்கலாம்.

கண்டறிவது எப்படி?

மரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் குழி பறித்து, சில வேர்களை எடுத்துக் கழுவி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உட்சதையில் செம்பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் குடையும் புழுவோ அழுகல் புழுவோ இருக்கக்கூடும். வேரையும் மண்ணையும் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது.

என்ன செய்யலாம்?

* நோய் கண்ட தோட்டத்தில் கன்று எடுக்கக் கூடாது. நல்ல கன்றாயினும் வேர்களை நீக்கி, கருத்த பகுதி போகக் கிழங்கைச் சீவ வேண்டும்.

* சீவிய கிழங்கை 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் வைத்து எடுத்து நடலாம். சூட்டை வெப்பமானியால் அளந்து பார்ப்பது அவசியம்.

* நடும்போது குழிக்கு 250 கிராம் வேப்பம் பிண்ணாக்கு இடலாம்.

* ஒரு புழுவை மட்டும் நினைத்துப் பயிரை மாற்றினால் மற்றது பெருகும். கத்தரி, தக்காளி, வெண்டை முடிச்சுப் புழுவுக்கு விருந்து. மஞ்சளும் இஞ்சியும் குடையும் புழுவையும் வளர்க்கும். தண்ணீர் வசதியுள்ளோர் வாழைக்குப் பின் சேற்று நெல் நடுவது நல்லது. அதற்கு முன் பழைய கிழங்குகளைத் தோண்டி அப்புறப்படுத்திவிட வேண்டும்.

இந்தப் புழுக்கள் பெரும்பாலும் கன்றின் வழியாகவே தோட்டம் விட்டுத் தோட்டம் செல்கின்றன. கன்று வாங்கும் அன்றே கிழங்கைச் சீவிப் பார்த்துவிட்டால், குலை தள்ளும் காலத்தில் நட்டப்பட வேண்டியதில்லை.