மலைப்பாதையில் பழைய மோட்டார் வண்டிகளின் விளக்குகள்: எளிதில் எட்டாத பல்புகளை மாற்றும் முறை

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டை ஒட்டி அமைந்துள்ள பகுதிகளில், மக்களின் அன்றாட வாழ்வு மலைப்பாதைகளைச் சார்ந்தே நடைபெறுகிறது. கம்பம், போடிநாயக்கனூர் வட்டாரங்களிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் விடியுமுன்பே ஜீப்புகளில் புறப்பட்டு, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளில் மலையேறுகின்றனர். நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்கும், மண்ணார்க்காட்டிலிருந்து அட்டப்பாடிக்கும் செல்லும் சாலைகளும் இத்தகையனவே. வளைவுகளும் மூடுபனியும், இரவில் சாலையைக் கடக்கும் காட்டு விலங்குகளும் இப்பாதைகளின் இயல்பு. இங்கு ஓடும் வண்டிகளுள் பல ஆண்டுகள் உழைத்தவையும் உண்டு. அத்தகைய வண்டியில் ஒரு பல்பு எரியாமற் போவது சிறு குறையாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு முன்விளக்கு மட்டும் எரியும் ஜீப்பை எதிரே வருபவர் மோட்டார் சைக்கிள் என்று கருதிவிடக்கூடும். குறுகிய வளைவில் இத்தவறு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்விளக்கின் ஒளியில் 155 மீட்டர் தொலைவிலுள்ள மனிதரும் வண்டிகளும் தெளிவாகப் புலப்பட வேண்டும் என்றும், பின்புறச் சிவப்பு விளக்கு அதே தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்றும் கூறுகின்றன. இதனை நிறைவேற்றப் பழுதான பல்பை உடனே மாற்ற வேண்டும். ஆனால் பல வண்டிகளில் பல்பு இருக்கும் இடம் கைக்கு எட்டுவதில்லை. இதனாலேயே பலர் மாற்றும் வேலையை நாளை, நாளை என்று தள்ளிவிடுகின்றனர்.

பல்பு ஏன் பழுதாகிறது?

பல்பினுள் உள்ள இழை டங்ஸ்டன் என்னும் உலோகத்தால் ஆனது. உலோகங்களுள் மிக உயர்ந்த உருகுநிலை உடையது இதுவே. சுமார் 3,420 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில்தான் இது உருகும். ஆயினும் எரியும்போது இழையிலிருந்து அணுக்கள் சிறிது சிறிதாக ஆவியாகின்றன. இழை எங்கு மெலிகிறதோ அங்கு உஷ்ணம் மேலும் அதிகரித்து, முடிவில் அவ்விடத்தில் அறுந்துவிடுகிறது. குளிர்ந்த இழையின் மின்தடை மிகக் குறைவு. எனவே சுவிட்சைப் போட்ட கணத்தில் வழக்கமான அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட மின்சாரம் பாயக்கூடும். பல்புகள் பெரும்பாலும் போடும்போதே அறுவதற்குக் காரணம் இதுதான். குண்டும் குழியுமான சாலையின் அதிர்ச்சியும் இழையின் ஆயுளைக் குறைக்கிறது.

1959இல் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃப்ரிட்ரிக், வைலி ஆகிய இருவர் பெயரில் காப்புரிமை பெற்ற ஹாலஜன் விளக்கு இதற்கு ஓரளவு பரிகாரம் கண்டது. இதில் அயோடின் அல்லது புரோமின் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. ஆவியான டங்ஸ்டன், கண்ணாடிச் சுவரின் அருகே இப்பொருளுடன் கூடிச் சேர்மமாகிறது. அச்சேர்மம் சூடான இழையை அடைந்ததும் பிரிந்து, டங்ஸ்டனை மீண்டும் இழையின்மீதே விட்டுச் செல்கிறது. இதனால் கண்ணாடி கறுப்பதில்லை. இவ்வகையில் இரட்டை இழை கொண்ட எச்4 பல்பு 1971 முதல் புழக்கத்திற்கு வந்தது. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என்பது இதன் அளவு.

எட்டாத இடங்கள்

1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரிலும், பழைய ஜீப்புகளிலும் முன்விளக்கு ஏழு அங்குல வட்ட வடிவினது. வெளிப்புற வளையத்தை நீக்கி, உள்வளையத்தைத் தாங்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் விளக்கு முழுவதும் முன்பக்கமாகவே வந்துவிடும். இங்கு தொல்லை தருவது துரு மட்டுமே. வளையத்தைத் தாங்கும் ஸ்க்ரூக்களையும், ஒளியின் திசையை மாற்றும் ஸ்க்ரூக்களையும் குழப்பிக்கொள்ளாதிருத்தல் அவசியம். துருப்பிடித்தவற்றில் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தபின் திருப்புவது நன்று.

பின்னர் வந்த கார்களில் முன்விளக்கு வண்டியின் உடலோடு ஒட்டி அமைக்கப்பட்டது. பல்பைப் பின்பக்கமாக, என்ஜின் அறையின் வழியே மாற்ற வேண்டும். அங்கு ஒரு பக்கம் பேட்டரியோ காற்று வடிகட்டியின் பெட்டியோ இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். சில வண்டிகளில் சக்கரத்தின் மேலுள்ள உள்மூடியைக் கழற்றி அதன் வழியே கையை நுழைக்க வேண்டும். வேறு சிலவற்றில் பம்பரையே இறக்க வேண்டியிருக்கிறது. இக்குறை கருதியே ஐக்கிய நாடுகளின் 48ஆம் எண் வாகன ஒழுங்குவிதி, வண்டியுடன் தரப்படும் கருவிகளைக் கொண்டே பல்பை மாற்ற இயலுமாறு விளக்குகள் அமைய வேண்டும் என்று வற்புறுத்துகிறது.

மாற்றும் முறை

முதலாவதாக, என்ஜினும் விளக்கும் நன்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். என்ஜினை நிறுத்திய பின்னும் மின்விசிறி தானே சுழலத் தொடங்கும் வண்டிகள் உண்டு. ஆகவே பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுதல் பாதுகாப்பானது. மோதிரம், காப்பு முதலியவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவதாக, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்யுமுன், கையில் உள்ள புதிய பல்பின் அமைப்பை நன்கு அறிந்துகொள்ள வேண்டும். எச்4 பல்பின் விளிம்பிலுள்ள மூன்று காதுகளும் ஒரே அளவினவல்ல. ஆகையால் அது ஒரு நிலையில் மட்டுமே சரியாகப் பொருந்தும். கை எளிதில் நுழையும் பக்கத்து விளக்கை முதலில் திறந்து பார்த்தால், கம்பிக் கிளிப் எப்படி மாட்டப்பட்டுள்ளது என்பது விளங்கும். எட்டாத பக்கத்தைச் சிறு முகக்கண்ணாடியையும் டார்ச்சையும் கொண்டு காணலாம். கைப்பேசியால் படமெடுத்தும் பார்க்கலாம்.

மூன்றாவதாக, பிளக்கை அதன் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தல் கூடாது. அதன்பின் ரப்பர் உறையை நீக்கி, கிளிப்பை விடுவித்து, பல்பை எடுக்க வேண்டும். புதிய ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெயும் வியர்வையும் படிந்த இடத்தில் உஷ்ணம் சமமின்றிப் பரவிக் கண்ணாடி கெடும். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த தூய துணியால் துடைத்து உலரவிட வேண்டும்.

நான்காவதாக, ரப்பர் உறையை முன்போல் இறுக்கமாகப் பொருத்த வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் ஈரம் விளக்கினுள் புகுந்தால், ஒளியைத் திருப்பும் பளபளப்பான பூச்சு மங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாயின் காற்றோடு வரும் புழுதிக்கும் இவ்வுறையே தடை.

பின்புறத்தில் நிறுத்த விளக்குக்கும் இரவு விளக்குக்கும் பொதுவான 21/5 வாட் பல்பில் இரு ஊசிகள் உயர வேறுபாட்டுடன் உள்ளன. வலிந்து தலைகீழாகத் திணித்தால் இரண்டின் பணியும் மாறிவிடும். விரல் நுழையாத இடத்திலுள்ள சிறு பல்பை, அதன் பருமனுக்கு ஏற்ற ரப்பர் குழாய்த் துண்டில் செருகிப் பிடித்து எளிதில் எடுக்கவும் வைக்கவும் முடியும்.

எல்லாவற்றினும் எட்டாதது டாஷ்போர்டின் பின்னுள்ள பல்பு. பழைய வண்டிகளில் வேகமானியின் கேபிளைக் கழற்றிய பின்னரே அதனை அடைய முடியும். இதில் சார்ஜ் விளக்கு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ஆல்டர்னேட்டர் உள்ள பல வண்டிகளில், மின் உற்பத்தி தொடங்குவதற்கான முதல் மின்சாரம் இச்சிறு பல்பின் வழியாகவே செல்கிறது. இது அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாமற் போகலாம்; இரவில் மலைமீது விளக்குகள் யாவும் மங்கத் தொடங்கிய பின்பே ஓட்டுநர் அதை அறிவார்.

புதிய பல்பும் மங்கலாக எரிந்தால்

அப்போது குற்றம் பெரும்பாலும் எர்த் இணைப்பில் இருக்கும். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்சாரம் எடுக்கிறது. துருப்பிடித்த இணைப்பில் 0.2 ஓம் தடை இருப்பினும் ஏறத்தாழ ஒரு வோல்ட் அங்கேயே வீணாகிறது. மின்னழுத்தம் இவ்வாறு 12லிருந்து 11ஆகக் குறையும்போது, ஒளி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒயர் உடலோடு சேரும் இடத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, சிறிது கிரீஸ் தடவினால் இழந்த ஒளி செலவின்றித் திரும்பும்.

இதை விடுத்து 100 வாட் பல்பைப் போடுவது தவறு. அது 8 ஆம்பியருக்கும் மேல் மின்சாரம் எடுப்பதால் பழைய ஒயரும் சுவிட்சும் சூடேறிக் கருகும். ஹாலஜனுக்கென அமைந்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் நன்றன்று. டிம் இழையின் கீழுள்ள சிறு தகடு ஒளியின் ஒரு பகுதியை மறைத்து, எதிரே வருபவரின் கண் கூசாமற் காக்கிறது. ஒளி தோன்றும் இடம் சிறிது மாறினாலும் இவ்வமைப்பு பயனற்றுப் போகும்.

இறுதியாக, ஒளியின் திசையைச் சரிபார்க்க வேண்டும். சமதளத்தில், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினால், டிம் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பது பொருத்தம். தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரமுள்ள விளக்காயின் ஒளி அப்போது 70 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடும். மூடுபனியில் டிம் ஒளியே ஏற்றது. பிரைட் ஒளி நீர்த்துளிகளில் பட்டுச் சிதறி, ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பும்.

ஒவ்வொரு வகையிலும் ஒரு மாற்றுப் பல்பு, ஒரு திருப்புளி, ஒரு டார்ச், ஒரு சிறு கண்ணாடி ஆகியவற்றை வண்டியில் வைத்திருப்பதற்கு ஆகும் செலவு சொற்பமே. பகலில், வீட்டு வாசலில், ஒரு முறையேனும் ஒவ்வொரு பல்பையும் கழற்றி மாட்டிப் பழகிய ஓட்டுநருக்கு, மழை பெய்யும் இரவில் கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் அவ்வேலை கடினமாக இராது. அவரை நம்பி வண்டியில் அமர்ந்திருப்போரும் அச்சமின்றி ஊர்போய்ச் சேர்வர்.