ஒரே தொட்டியில் யாரோடு யார்?

நாகர்கோவிலை அடுத்து, பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடிக் காயலில் கரிமீன் வாழ்கின்றது. வீட்டுத் தொட்டிகளில் நாம் விரும்பி வளர்க்கும் ஏஞ்சல், ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் ஆகியவை அதன் உறவினங்களே. யாவும் ‘சிக்லிட்’ குடும்பத்தவை. முட்டையையும் குஞ்சுகளையும் காத்து நிற்பது இக்குடும்பத்தின் சிறப்பு. அக்காவலுக்காகவும் இவை எல்லை வகுத்து, அருகில் வரும் மீன்களைத் தாக்குகின்றன.

ஆகவே, அழகை மட்டும் பார்த்து மீன்களைச் சேர்த்தல் கூடாது. ஆஸ்கார் சுமார் 30 செ.மீ. வளரும், வாய்க்கடங்கும் கப்பியை விழுங்கிவிடும். வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் டெட்ரா இரையாகலாம். அடித்தளத்தில் மேயும் கோரிடோராஸ் ஏற்ற துணை. ஃபிளவர்ஹார்ன் தனித்திருப்பதே நன்று. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்குக் காரத்தன்மையுள்ள கடின நீர் வேண்டும். அமேசானின் டிஸ்கஸுக்கோ மென்னீர். இவ்விரண்டையும் ஒன்றாக விட்டால் ஏதேனும் ஒன்று வருந்தவே செய்யும்.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், இரைதேடவும் விடாத பெண் தண்டனைக்குள்ளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்து எச்சரித்தார்கள். ஓடி ஒளிய இடமற்ற கண்ணாடிக்குள் பகையைக் கூட்டி வைப்போரும் இதைச் சிந்திக்க வேண்டும். அடைபட்ட உயிர் நம்மிடம் உள்ள அமானிதம். கடையில் விலையைக் கேட்குமுன், ‘இது எவ்வளவு வளரும்? எதனோடு வாழும்?’ என்று கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.