பட்டின் எடை எங்கே போயிற்று?



காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் பல்லவர் காலச் செப்பேட்டால் புகழ் பெற்றது. அப்பகுதியில் தறியோசை கேட்டு வளர்ந்தவன் நான். என் இளமையில் கண்ட வழக்கு ஒன்றைக் கூறுகிறேன்.

தொழிலுக்குப் புதியவரான ஒரு முதலாளி, நான்கு கிலோ கச்சாப் பட்டைச் சாயமிடுபவரிடம் நிறுத்துக் கொடுத்தார். சாயமிடுமுன் அதைச் சோப்பு நீரில் வேகவைத்து உலர்த்தினர். மீண்டும் நிறுத்தபோது மூன்று கிலோவுக்குச் சற்று மேலாகவே இருந்தது. "மீதியைத் திருடிவிட்டாய்!" என்று முதலாளி சீறினார்.

உண்மை யாது? பட்டுப்புழு நூற்கும் இழையில் இரு புரதங்கள் உள்ளன. உள்ளே இருப்பது ஃபைப்ராயின். அதனைப் போர்த்திருக்கும் பசை செரிசின். கச்சாப் பட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இப்பசையே. கொதிக்கும் சோப்பு நீரில் இது கரைந்து பிரிய, பட்டு மென்மையும் பளபளப்பும் பெறுகிறது. அனுபவம் மிக்க முதியவர் ஒருவர், எஞ்சிய நீரை வற்றக் காய்ச்சினார். அடியில் தங்கியதன் எடையிலிருந்து சோப்பின் எடையைக் கழித்தார். காணாமற்போன பட்டு அங்கே இருந்தது, பழியும் நீங்கியது.

இங்கே பசை கரைந்து இடம் மாறிற்று. ஒரு பொருள் முற்றிலும் வேறு பொருளாக மாறும்போதும் இவ்வாறுதானா? சுண்ணாம்புக் காளவாயைப் பாருங்கள். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பே மிஞ்சும். எஞ்சிய 44 கிலோ அழிந்ததன்று. கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்தது. அச்சுண்ணாம்பை நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மறுபடியும் கல்லாக இறுகுகிறது.

பிரெஞ்சு நாட்டு அறிஞர் லவாசியே, மூடிய கலத்தில் வெள்ளீயத்தைச் சூடேற்றி, கலத்தின் மொத்த எடை மாறாமையைக் கண்டார். இரசாயன மாற்றத்திற்கு முன்னும் பின்னும் பொருள்களின் மொத்த நிறை ஒன்றே என்னும் கருத்தை 1789-இல் வெளியிட்ட தம் நூலில் தெளிவாக எழுதினார். இதுவே பொருண்மை அழியா விதி.

ஆகவே மாணவர்களே, சோதனைச் சாலையில் எடை குறைந்தால், எது ஆவியாயிற்று, எது கரைந்தது என்று முதலில் தேடுங்கள். தராசின் ஒரு தட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது விஞ்ஞானமன்று, நீதியுமன்று.