கடை இன்வெர்ட்டர் பேட்டரி: இரவில் மெயினை அணைப்பவர்கள் கவனத்திற்கு

பருப்பில் வண்டு விழுந்தால் கடைப் பையன் அன்றே வந்து சொல்லிவிடுவான். கல்லாவுக்குப் பின்னால், காலிச் சாக்குகளின் மறைவில் கிடக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி கெட்டுக்கொண்டு வருவதை யாரும் வந்து சொல்வதில்லை. மாலை வியாபார நேரத்தில் கரண்ட் போய், பத்தாவது நிமிடத்தில் விளக்கும் பில் மெஷினும் சேர்ந்து அணையும்போதுதான் முதலாளிக்கு விஷயம் தெரிகிறது.

2012-ஆம் ஆண்டை வணிகர்கள் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. அப்போது பேட்டரி தினமும் உழைத்தது. நாமும் தினமும் அதன் முகத்தைப் பார்த்தோம். இன்று அந்த நிலை இல்லை. பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் நிறுத்துவார்கள், மழை காற்றில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் சில கடைகளில் மூன்று வருடத்துக்குள் பேட்டரி மாற்ற வேண்டி வருகிறது. வேலை குறைந்த பிறகும் ஆயுள் ஏன் குறைகிறது?

காரணம் பெரும்பாலும் நம் பழக்கத்தில்தான் இருக்கிறது. கடை பூட்டும்போது ஷார்ட் சர்க்யூட்டுக்குப் பயந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறோம். பயம் நியாயமானதே. ஆனால் மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் என்ன நினைக்கிறது? மின்வெட்டு வந்துவிட்டது என்று நினைத்து, பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்குகிறது. கண்காணிப்புக் கேமராவும் அதன் பதிவுப் பெட்டியும் 40 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கே சிறிது செலவாகும். இரவு பத்து முதல் காலை ஏழு வரை கணக்குப் போட்டால், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்துபோகிறது. மின்வெட்டே இல்லாத ஊரிலும் இந்தப் பேட்டரிக்கு வருடத்துக்கு 365 மின்வெட்டு!

இன்னொரு கெடுதலும் உண்டு. பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடும் கந்தக அமிலமும். மின்சாரம் செலவாகும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்கு வந்துவிடும். ஏற்றாமல் நாள் கணக்கில் விட்டால் இறுகிப்போகும். இறுகியதை எந்தச் சார்ஜராலும் முழுமையாக மீட்க முடியாது. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவே குறைந்துவிட்டது என்று பொருள். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஒரு வாரம் கடை பூட்டி, மெயினையும் அணைத்துப் போகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

பரிகாரம் எளியது. பால், ஐஸ்கிரீம் ஃப்ரீசர் வைத்திருக்கும் கடைகளில் இரவிலும் ஓடும்படி தனி லைன் இருக்கும். அதேபோல இன்வெர்ட்டருக்கும் தனி எம்.சி.பி.யுடன் ஒரு லைன் எடுக்கும்படி உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். மற்ற மெயினை வழக்கம்போல அணைக்கலாம். கேமரா இல்லாத கடைகளில் இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை அணைத்துவிட்டுப் போகலாம். பெரும்பாலான மாடல்களில் அதை அணைத்தாலும் சார்ஜ் ஏறிக்கொண்டுதான் இருக்கும். சார்ஜிங் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

எப்போதும் முழுச் சார்ஜில் சும்மா இருப்பதும் அவ்வளவு நல்லதல்ல. அமிலம் கனமானது, அடியில் தங்கிவிடும். மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் பேட்டரியில் கடையை ஓட்டி, மறுபடி முழுதாக ஏற்றுங்கள். இதிலேயே பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. ஆர்.ஓ. தண்ணீர், மழைத் தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவும் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. தகடு வெளியே தெரியும்படி வற்ற விடக் கூடாது. மூடியில் உள்ள மிதவை குறியைத் தாண்டியும் ஊற்றக் கூடாது. முழுச் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவது உத்தமம். வற்றுவது தண்ணீர்தான், அமிலம் அல்ல. ஆகவே ஆசிட் வாங்கி ஊற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இன்வெர்ட்டரை அணைத்து, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, இறுக்கி மாட்டி வாசலின் தடவுங்கள். நட்டு தளர்ந்திருந்தால் அந்த இடம்தான் சூடாகிப் பொறி பறக்கும். மெயினை அணைத்தவர்கள் இதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

வைக்கும் இடம் பற்றி மளிகைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். சாமி படத்துக்கு விளக்கேற்றும் பலகைக்குக் கீழே பேட்டரி வைத்திருக்கும் கடைகள் எத்தனையோ! காற்றோட்டம் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். ஃப்ரீசரின் சூடு படும் மூலையும் வேண்டாம், வெப்பம் ஆயுளைத் தின்னும். அமிலத் துளி பட்டால் சாக்கு இற்றுப்போகும், ஈயமோ விஷம். அரிசி மூட்டையும் உப்பு மூட்டையும் அதன் மேலோ பக்கத்திலோ அடுக்கக் கூடாது.

பேட்டரியின் நிலையை அறிய, சார்ஜையும் லோடையும் நிறுத்தி மூன்று நான்கு மணி நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பாருங்கள். டியூபுலர் பேட்டரி 12.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்லது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் உடனே ஏற்ற வேண்டும். ஹைட்ரோமீட்டரில் முழுச் சார்ஜில் 1.240 அளவில் இருக்கும். ஆறு செல்களில் ஒன்று மட்டும் மிகவும் குறைத்துக் காட்டினால் அந்த செல் போய்க்கொண்டிருக்கிறது.

எலக்ட்ரானிக் தராசுக்குள்ளும் பெரும்பாலும் ஒரு சிறிய 6 வோல்ட் சீல்டு பேட்டரி இருக்கிறது. அதற்குத் தண்ணீர் தேவையில்லை, மற்ற நியதி அதேதான். தராசைச் சந்தைக்கு எடுத்துப் போகிறவர்கள் அன்று இரவே சார்ஜ் போட்டுவிட வேண்டும்.

மாற்ற வேண்டிய காலம் வந்தால் பழையதை டீலரிடமே கொடுத்துக் கழிவு வாங்குங்கள். அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடைக்குப் போடுவது 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளுக்கு விரோதம். புதியதற்குக் கடைப் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் கேட்டு வாங்கவும். வாரண்டிக்கும் அது வேண்டும். ரெகுலர் பதிவில் உள்ளவர்கள் உள்ளீட்டு வரி வரவும் எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது.