பெரிய பம்ப் வாங்கறதுக்கு முன்னாடி

நின்னுகிட்டே ஓட்டற ஜெட் ஸ்கி வச்சிருக்கவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "பழைய யமஹா சூப்பர்ஜெட்ல 144 மி.மீ. பம்ப் இருக்கு. 148 போடலாமா?"

போடலாம். இம்பெல்லர் வட்டத்தின் பரப்பு சுமார் 5.6 சதவீதம் கூடும். தண்ணியை நல்லாப் பிடிச்சுத் தள்ளும். ஆனா என்ஜினுக்குச் சுமையும் கூடும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற 701 சிசி என்ஜின்னா, இம்பெல்லரோட பிட்ச்சையும் அதுக்கேத்த மாதிரி தேர்ந்தெடுக்கணும்.

சரி, பிரச்சினை உண்மையில பம்ப்போட அளவுதானா? த்ராட்டிலை அழுத்தினா என்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகரலைன்னா, ரெண்டு இடத்தைப் பாருங்க. ஒண்ணு, பம்ப்பும் அடிப்பகுதியும் சேர்ற இடம். அங்கே சீல் விட்டிருந்தா தண்ணியோட காற்றும் உள்ளே போகும். ரெண்டாவது, இம்பெல்லருக்கும் வேர் ரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி. மணல் அரிச்சு அரிச்சு அது பெருசாயிடும். ஃபீலர் கேஜ் வச்சு அளந்து, மேனுவல்ல சொல்ற அளவைத் தாண்டினா ரிங்கை மாத்துங்க. இதைச் சரி பண்ணாம 148 போட்டாலும் அதுவும் வழுக்கத்தான் செய்யும்.

இது வேகத்துக்கான விஷயம் மட்டும் இல்லை. இந்த வண்டிக்குச் சுக்கான் கிடையாது. பாயற தண்ணிதான் திருப்புது. அலைக்கு முன்னால பம்ப் வழுக்கினா, வண்டியைத் திருப்பவே முடியாது.

கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டிடுங்க. அடுத்த பகுதியில சந்திப்போம்.