துப்பாக்கிக்கும் சைஸ் இருக்கு பாஸ்!

காலங்கார்த்தால கனகசெட்டிக்குளம் ஸ்டாப்பிங்ல, விறைப்பா அயர்ன் பண்ணின காக்கியில ஈ.சி.ஆர். பஸ்ஸுக்கு நிக்கிற என்.சி.சி. மக்களே... இந்த மேட்டர் உங்களுக்குத்தான்!

'த்ரீ நாட் த்ரீ'னு சொன்னதும் தோள்பட்டை வலி ஞாபகம் வருதா? 1907-ல வந்த லீ என்ஃபீல்டு டிசைன் அது. மேற்கு வங்கத்துல இருக்கிற இஷாப்பூர் தொழிற்சாலையில தயாராகி, நம்ம போலீஸும் என்.சி.சி.யும் தலைமுறை தலைமுறையா சுமந்த .303 ரைஃபிள். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடதான் இதுக்கு டாட்டா காட்டினாங்க. இரும்பு நூறு வருஷம் தாங்கிடும். மரம் தாங்குமா? விரிசல் விடும், எண்ணெய் குடிச்சுக் கறுத்துப்போகும். அப்ப அதே காலத்துப் பழைய கட்டையைத் தேடிப் பிடிச்சு மாத்தணும்.

இந்த ரைஃபிள்ல மரம் ஒரே பீஸ் கிடையாது. தோள்ல வைக்கிற 'பட்' தனி, குழாய்க்கு அடியில வர்ற முன்கட்டை தனி. (பிரெஞ்சு ராணுவத்தோட 1886 மாடல் லெபலும் இதே கதைதான். பாண்டிச்சேரிக்காரங்க அதைச் சொல்லாம விடலாமா?)

பட்ல செருப்பு மாதிரி சைஸ் உண்டு! நார்மல், அரை இன்ச் நீளமானது 'எல்', அரை இன்ச் குட்டையானது 'எஸ்', ஒரு இன்ச் குட்டையானது 'பி'. 'பி'ன்னா பேன்டம், அதாவது குட்டிச் சேவல். முதல் உலகப்போர்ல 5 அடி 3 இன்ச்சுக்குக் கீழே இருந்தவங்களைச் சேர்த்து இங்கிலாந்துல தனிப் படைகளே அமைச்சாங்க. அவங்க பேரும் பேன்டம்தான்.

உங்க சைஸ் என்ன? ரைஃபிள் காலியா இருக்குன்னு இன்ஸ்ட்ரக்டர் செக் பண்ணினப்புறம், பட்டோட பின்தகட்டை முழங்கை மடிப்புல வெச்சுப் பாருங்க. ஆள்காட்டி விரல் நுனி ட்ரிகரைத் தொட்டா ஓகே. எட்டவே இல்லையா? குறி தப்பித் தப்பித் திட்டு வாங்குறதுக்குக் காரணம் நீங்களா இல்லாம, கட்டையா இருக்கலாம் தோழி!

பழைய கட்டையைக் கையில எடுத்தா முதல்ல இழையைப் பாருங்க. பிடி ஒடுங்குற இடத்துல இழை நீளவாக்குல ஓடணும். குறுக்கே வெட்டிப் போனா, ஒருநாள் அங்கேதான் 'படக்'. பளபளன்னு வார்னிஷ் அடிச்சு வெச்சிருந்தா உஷார், விரிசலை மறைச்சிருக்கலாம். சொட்டையைப் பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க. ஈரத்துணி போட்டு அயர்ன் பாக்ஸை வெச்சா, பாதி எழும்பிடும். ஆனா உப்புத்தாள் மட்டும் வேணாம். முத்திரையும் போயிடும், மரம் இரும்பைவிடப் பள்ளமாயிடும். ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சாலே போதும்.

முன்கட்டைதான் பெரிய தலைவலி. சுடும்போது வர்ற உதையை அதுதான் வாங்குது. இரும்போட சமமா ஒட்டி உட்காரலைன்னா பிளந்துடும். அதனால கையால இழைச்சு இழைச்சுப் பொருத்தணும். இஷாப்பூர்க்காரங்க அது பிளக்காம இருக்கக் குறுக்கே ஒரு ஸ்க்ரூவே போட்டாங்க. இன்னொண்ணு, முன்கட்டையைக் கழட்டாம பட்டோட போல்ட்டைத் திருகக் கூடாது. போல்ட்டோட சதுர முனை முன்கட்டைக்குள்ள மாட்டியிருக்கும். அவசரப்பட்டுத் திருகினா, நல்லா இருந்த மரமும் ரெண்டாயிடும்.

'சூப்பர், ஒண்ணு வாங்கிடலாம்'னு கிளம்பிடாதீங்க. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியோட பாகமும் ஆயுதக் கணக்குலதான் வரும். அதுவும் .303 சாதாரண லைசென்ஸுக்குக் கிடைக்காத ரகம். கழட்டுறதும் மாத்துறதும் யூனிட் ஆர்மரர் வேலை. ஆனா விரிசலைக் கண்டா அவர்கிட்ட சொல்றது உங்க வேலை.

யூனிட்ல பழைய .303 கைக்கு வந்தா, பட்டோட மேல்பக்கம், பின்தகட்டுக்குக் கொஞ்சம் முன்னால தடவிப் பாருங்க. எழுத்து ஏதாவது தட்டுப்படுதா? 'பி'ன்னு இருந்தா, கிளாஸ்லயே குள்ளமான ஃப்ரெண்டைக் கூப்பிடுங்க!