கண்ணாடி முகங்கள்

ஓவியன் தூரிகையாற் செய்வதைக் கம்மியன் நெருப்பாற் செய்தல் கூடுமோ? கூடும் என்பதற்குக் கி. மு. முதலாம் நூற்றாண்டளவில் எகிப்திலே செய்யப்பெற்ற, ஏறத்தாழ ஓர் அங்குல அளவினவாகிய கண்ணாடி முகங்களே சான்று.

பல நிறக் கண்ணாடிக் கோல்களை, வெட்டுமுகத்திலே கண்ணும் புருவமும் இதழும் தோன்றுமாறு கட்டாக அடுக்கி, அவை உருகி ஒன்றோடொன்று ஒட்டும்வரை சூடேற்றுவர். இளகிய கட்டினை இருபுறமும் பற்றி இழுத்தால் அது நீண்டு மெலியும். உள்ளிருக்கும் வடிவமோ கெடாது சிறுத்துச் செல்லும். ஆறியபின் குறுக்கே அரிந்தெடுக்கும் ஒவ்வொரு வில்லையிலும் அதே முகம். நிறம் வேறாயினும், வெப்பத்தால் விரிந்து சுருங்கும் அளவில் அக்கண்ணாடிகள் ஒத்திருத்தல் வேண்டும். இன்றேல் ஆறும்போது வெடித்துவிடும்.

எகிப்தியக் கம்மியர் பெரும்பாலும் பாதிமுகத்தையே செய்தனர். இரு வில்லைகளுள் ஒன்றைப் புரட்டி மற்றதனோடு பொருத்த, முழுமுகம் வந்துவிடும். உழைப்புப் பாதியாயிற்று; ஆயின் இருபுறமும் இம்மியும் வேறுபடாத முகம் உலகில் எவர்க்குண்டு? அவற்றுட் பல நாடக வேடமுகங்களாக அமைந்ததில் வியப்பில்லை. ஒருவரை இன்னார் என்று காட்டும் உருவப்படத்திற்கு அம்முறை உதவாது என்பதே எமது கருத்து.

அத்தகைய உருவப்படம் 19ஆம் நூற்றாண்டு வெனிசிலே கைவந்தது. ஜாக்கோமோ பிராங்கினி என்பார் கரிபால்டி, காவூர் முதலியோரின் முகங்களை விளக்குச் சுடரில் இழையிழையாக ஒட்டிச் சமைத்தார். இங்கே புரட்டிப் பொருத்தும் குறுக்குவழி இல்லை. புதிய இழையொன்றை ஒட்டுந்தோறும் முன்னர் ஒட்டியவையும் இளகி உருக்குலைய முற்படும்; அவ்வாறிருந்தும், ஓர் அங்குலத்தின் சிறு கூறேயான வில்லைகளில் அம்முகங்களை இன்றும் அடையாளங் காணலாம்.